முறிக்காத பத்தியம்

பையன்கள் வளர்வது எனக்குப் பிடிக்காது.

பெற்றவர்களுக்கு அது சந்தோஷம். போன தீபாவளிக்குத் தைத்த கால்சட்டை இந்தத் தீபாவளிக்குப் பற்றவில்லை என்று தாய்மார்கள் கடைவீதியில் பெருமையாக அலுத்துக்கொள்வார்கள். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வாசலில் போய் நின்றுகொள்வேன். உள்ளே வருகிற ஒவ்வொருவனையும் என் மார்போடு அளந்து பார்ப்பேன். எவனாவது என் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தாண்டியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

காரணம் இருந்தது. தியாகதுருகத்தில் வருஷாவருஷம் பங்குனிக் கடைசியில் பையன்களுக்கு ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். அதில் வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி பெற்றவர்களுக்கே தெரியாது. பள்ளியில் சேர்க்கிற வாத்தியார் வாய்க்கு வந்ததுதான் தேதி. அதனால் போட்டி நடத்துகிறவர்கள் மைதான வாசலில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே ஒரு சட்டம் அடித்து, அதிலிருந்து ஒரு மாட்டு மணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். மணியின் விளிம்பு தரையிலிருந்து சரியாக நாலடி பத்தங்குலம். பையன்கள் நிமிர்ந்து அதன் கீழே நடக்க வேண்டும். மணி அசைந்தால் அவன் ஊருக்குப் பஸ் ஏறலாம்.

இதற்கு எல்லா ஊர்க்காரர்களும் வழி வைத்திருந்தார்கள். முடியை ஒட்ட வெட்டுவது ஒன்று. ஒரு வருஷம் சங்கராபுரத்துப் பையன்கள் அத்தனை பேரும் மொட்டைத்தலையோடு வந்து இறங்கினார்கள்.

"இன்னாடா இது, பதினோரு பேருமா வேண்டிக்கினீங்க?" என்று அளவு பார்க்கிறவர் கேட்டார்.

"ஆமா சார். மணி அடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினோம்" என்றான் ஒருவன். மைதானமே சிரித்தது.

காலையில் எழுந்ததும் தலையில் மணல் மூட்டை வைத்து நடக்கவிட்டால் அரை விரல் உயரம் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. நானும் மூட்டை வைத்தேன். அதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க மாட்டீர்கள்.

எனக்கு வேறொரு நம்பிக்கையும் இருந்தது. அது நானாகக் கண்டுபிடித்தது.

கொளஞ்சியப்பன் என்று ஒரு பையன் என் அணியில் இருந்தான். அரைமணி நேரம் முயல் மாதிரி ஓடிவிட்டு வந்து, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுவான். ஒரு கோடையில் அவனுக்குக் குரல் உடைந்தது. ஒரு சாண் வளர்ந்து திரும்பி வந்தான். மைதானத்தை இரண்டு சுற்று சுற்றியதும் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றான்.

"இன்னாடா கொளஞ்சி, கெழவன் மாதிரி இளைக்கற?"

"தெரியல சார். காலு என்துது மாதிரியே இல்ல. யாரோ கழட்டி மாட்டிக்கினு போயி, வேற காலை வச்சிட்டுப் போன மாதிரி இருக்குது."

அவன் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். வளர்த்தி மூச்சைத் தின்கிறது என்று முடிவுக்கு வந்தேன். தின்கிற சோறு எல்லாம் எலும்புக்குப் போய்விடுகிறது, மூச்சுக்கு மிச்சம் இல்லை. வளராத பையனுக்கு அத்தனையும் மூச்சாக நிற்கும். எந்தப் புத்தகத்திலும் நான் இதைப் படிக்கவில்லை. என் கண்ணால் பார்த்தேன் என்ற கர்வம் இருந்தது. இப்போது அந்தக் கர்வத்தை நினைத்தால் கூசுகிறது.

மாயவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது.

கச்சிராயபாளையத்துக்கு மேலே, கல்வராயன் மலையில் ஒரு சிற்றூர் அவனுக்கு. அப்பா இல்லை. அம்மா இருசம்மாள் கடுக்காய் பொறுக்குவாள், சாமைக் காட்டில் கூலிக்குப் போவாள். பையன் கீழே வந்து எங்கள் விடுதியில் தங்கிப் படித்தான். பன்னிரண்டு வயது இருக்கும். முழங்கால் இரண்டும் தேங்காய்ச் சில்லு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். முதல் நாள் ஏரிக்கரையில் எல்லோரையும் ஓடவிட்டேன். மற்றவர்கள் கரையில் சுருண்டு படுத்த பிறகு, இவன் மட்டும் திரும்பி வந்து என் எதிரில் நின்றான்.

"இன்னொரு தபா போய்ட்டு வரட்டுங்களா சார்?"

விளையாட்டுக்குக் கேட்கிறானோ என்று நினைத்தேன். உண்மையாகத்தான் கேட்டான். மலையில் தண்ணீருக்கே ஓர் இறக்கம் ஓர் ஏற்றம் போய் வருகிறவனுக்கு ஏரிக்கரை ஒரு தூரமே இல்லை.

அந்த வருஷம் தை மாசம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகிவிட்டது. நான்தான் கச்சிராயபாளையத்தில் சின்னராசு என்ற நாட்டு வைத்தியரிடம் அழைத்துப் போனேன். அவர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். பத்தியம் சொன்னார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, புளி கூடாது, கவிச்சி வாசனையே கூடாது. குருணைக் கஞ்சியும் உப்புப் போடாத மோரும் அவித்த சுரைக்காயும் மட்டும்.

"கண்ணு தெளிஞ்சதும் தலைக்கு ஊத்திட்டு, உப்புச் சோறு குடுத்து பத்தியத்த முறிச்சிடுங்க. அதுவரைக்கும் யாரு குடுத்தாலும் தின்னக் கூடாது. பத்தியத்துக்கு நீங்கதான் பொறுப்பு, நீங்க சொல்றதுதான் சட்டம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பத்தியம் என்றால் விளையாட்டில்லை. திருடுகிறவன்கூடப் பத்தியக்காரன் தட்டில் கைவைக்க மாட்டான். நடுவில் முறித்தால் நோய் இரண்டு மடங்காகத் திரும்பும், ஆளையே கொண்டுபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாயவனுக்கும் தெரியும்.

மாசி நடுவில் அவன் கண் தெளிந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. போட்டிக்கு ஒன்றரை மாசம்தான் இருந்தது. இப்போது போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஆட்டம் முடிந்ததும் முறித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நல்லெண்ணத்தில்தான் நினைத்தேன். அந்த வருஷம் என் பையன்களில் நாலு பேர் மணியை அடித்துவிட்டு பஸ் ஏறினார்கள். மாயவன் மணிக்குக் கீழே நிமிர்ந்து போனான். ஆட்டம் முழுக்க நிற்காமல் ஓடினான். தியாகதுருகத்து மைதானத்தில் எங்கள் பள்ளி முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியது.

ஊர் திரும்பிய மறுநாள் அவனைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன். மற்றவர்கள் எல்லாம் அந்த மூன்று மாதத்தில் கொஞ்சமாவது ஏறியிருந்தார்கள். மாயவன் ஒரு நூல்கூட ஏறவில்லை. மூச்சோ முன்னைப் போலவே இருந்தது. நான் கண்டுபிடித்தது சரிதான் என்று அந்தச் சுவரே சொல்வது போல இருந்தது.

தலைக்கு ஊற்ற எண்ணெய் வாங்கி வைத்திருந்தேன். அதைச் சமையற்கட்டில் கொடுத்துவிட்டேன், வேறெதற்காவது ஆகட்டும் என்று.

அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். எதையும் செய்யவில்லை என்றும் சொல்லலாம். பத்தியம் முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விடுதியில் தைலம்மாள் என்றொரு அம்மாள் சமைத்தாள். வாய் நீளம். அவளை ஏமாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன் சார், இந்தப் புள்ள கண்ணு பால் மாதிரி வெளுத்துக் கெடக்குது. காமாலைன்னா மஞ்சளா இல்ல இருக்கணும்?"

"இது உள்காமாலை. வெளியே தெரியாது. ஈரல்ல நிக்குது."

"அது இன்னா சார் புதுசா? எங்க ஊர்ல எல்லாம் வெளிக்காமாலைதான்."

"உங்க ஊர்ல டாக்டரும் இல்ல" என்றேன்.

"டாக்டரு இல்லாங்காட்டிதான் எங்க ஊர்ல எல்லாரும் உயிரோட இருக்கறோம்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். ஆனாலும் கஞ்சியில் உப்புப் போடவில்லை. பத்தியத்தை முறித்த பாவம் தன் கையில் வேண்டாம் என்று அவளுக்கும் பயம். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் முட்டைக் குழம்பு. மாயவனுடைய தட்டை மட்டும் கழுவிக் கழுவி வைப்பாள்.

பையன்கள் அவனுக்குப் 'பத்தியம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"டேய் பத்தியம், மூக்கப் பொத்திக்கோடா. கொழம்பு வாசன உள்ள போனா முறிஞ்சிடும்."

"ஒனக்கு பொறந்த நாளுக்கு இன்னாடா செய்வாங்க? கஞ்சிக்கு மேல கஞ்சி ஊத்துவாங்களா?"

அவனும் கூடவே சிரிப்பான். மூக்கைப் பொத்திக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவான். உண்மையாகவே வாசனைக்குப் பயந்துதான் வெளியே போகிறான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

ஒரு தடவை இருசம்மாள் பையனைப் பார்க்க மலையிலிருந்து வந்தாள். ஒரு பலாப்பழத்தைத் தலைச்சுமையாக இறக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு பாட்டிலில் தேன். துணி முடிச்சில் வறுத்த சாமை மாவு. என் முகத்தைப் பார்த்ததுமே முடிச்சைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் ஆவாதுங்களா சார்?"

"ஆவாதும்மா."

"தேனு மட்டும் கொஞ்சூண்டு? தேனு மருந்துதானுங்களே."

"வேண்டாம். இவ்வளவு நாள் காப்பாத்தினது வீணாப் போயிடும்."

அவள் பையனைப் பார்த்தாள். அவன் பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கேக்கலம்மா" என்றான், யாரும் ஒன்றும் சொல்லாதபோதே.

கிளம்பும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "பெத்த நான்கூட இப்பிடிக் கருத்தாப் பாத்துக்க மாட்டேன் சார். எனக்கு மனசு வராம உப்பப் போட்டுக் குடுத்திருப்பேன்." பலாப்பழத்தை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அன்று சாயங்காலம் மற்றப் பையன்கள் சாப்பிட்டார்கள். எனக்கும் நாலு சுளை வந்தது. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த நாலு சுளையை நினைத்து நான் வெட்கப்படுகிற அளவுக்கு வேறெதற்கும் வெட்கப்பட்டதில்லை என்று பல வருஷம் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருஷமும் கோப்பை எங்களுக்கே வந்தது. அது சுழற்கோப்பை. தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பள்ளிக்கே சொந்தம். தலைமையாசிரியர் வராந்தாவில் ஒரு கண்ணாடி அலமாரிக்கு அப்போதே ஆசாரியிடம் சொல்லிவிட்டார். தெருவில் போனால், "சார், மூணாவது எப்ப?" என்று கேட்டார்கள். விளையாட்டு வாத்தியாரை அந்த ஊரில் யாரும் அதற்கு முன்பு எதுவும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் கணக்கு வாத்தியாருக்கு வகுப்பை விட்டுக்கொடுக்கிற ஆள் நான்.

ஆக, இன்னும் ஒரு வருஷம் மாயவன் மணியை அடிக்கக் கூடாது. இதுதான் என் தலையில் இருந்தது. வேறொன்றும் இல்லை.

அந்த வருஷம் கொளஞ்சி என்னைத் தேடி வந்தான். அவனுக்கு மீசை கறுத்திருந்தது, தோள் விரிந்திருந்தது. பையன்கள் ஏரிக்கரையில் ஓடும்போது சும்மா கூட ஓடிப் பார்த்தான். எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"சார், அப்ப சொன்னேனே, காலு என்துதில்லன்னு. இப்ப என்துதாயிட்சி சார். மூச்சு முன்னவிட ஜாஸ்தியா நிக்குது. எவ்ளோ ஓடுனாலும் நெஞ்சு கேட்டுக்கினே இருக்குது."

"அது ரெண்டு நாளைக்கு இருக்கும். போடா" என்றேன்.

அவன் பின்னால் மாயவன் வந்துகொண்டிருந்தான். முன்பெல்லாம் முதலில் வந்து இன்னொரு தடவை போகட்டுமா என்று கேட்டவன், அன்று நடுவில் வந்தான். அடுத்த வாரம் கடைசிக்கு முன்னால் வந்தான். சோம்பல் பிடித்துவிட்டது என்று அவனைத் தனியாக ஒரு சுற்று அதிகம் ஓடவிட்டேன். பதினாலு வயதாகியிருந்தது அவனுக்கு. குரல் குருவிக்குஞ்சு போலவே இருந்தது. சாயங்காலத்தில் பாதம் வீங்கும். முதுகெலும்பை எண்ணலாம்.

ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார்கள். இவன் மட்டும் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, தன் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தான். வேர்வை. ஒரு கை முடிந்ததும் மறு கை. கன்றுக்குட்டி நக்குவது போல, அவசரமில்லாமல். என்னைப் பார்த்ததும் கையை டவுசரில் துடைத்தான்.

"சார், வேர்வ நம்மளுதுதானுங்களே சார்? அது பத்தியத்துல வராதுங்களே?"

"வராது" என்றேன்.

தான் நக்குவது வேர்வையை அல்ல, உப்பை என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அன்று மனசு இளகி, பெரிய சலுகை கொடுத்தது போலச் சொன்னேன்.

போட்டிக்கு முன்பு அவன் ஊரில் மாரியம்மன் திருவிழா. கோடை விடுமுறைக்குக்கூட அவனை விடுதியிலேயே நிறுத்திக்கொண்ட எனக்கு, அனுப்ப இஷ்டமில்லை. அம்மா ஆள்விட்டுக் கேட்டாள். பத்தியம் பத்திரம் என்று சொல்லி இரண்டு நாள் அனுப்பினேன். திரும்பி வந்தவன் முகத்தில் ஒரு பளபளப்பு. கண்ணில் ஓட்டம் இருந்தது. அரையிறுதி ஆட்டத்தில் பழைய மாயவனாக ஓடினான். எதிரணிக்காரர்கள் இரண்டு பேரை மாற்றி மாற்றி அவன் பின்னால் விட்டும் பிடிக்க முடியவில்லை. பார்த்தீர்களா, மூச்சு எங்கும் போகவில்லை, உள்ளேதான் இருந்திருக்கிறது என்று நான் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். என் கண்டுபிடிப்பை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

இறுதியாட்டம் ஒரு வாரம் கழித்து. அந்த ஒரு வாரமும் கஞ்சி, மோர், ஓட்டம். வெயில் அந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. மணிக்குக் கீழே அவன் நிமிர்ந்து நடந்தபோது, தலைக்கும் மணிக்கும் நடுவில் என் கட்டைவிரல் தாராளமாக நுழையும். அளவு பார்க்கிறவர், "இவனுக்கு அடுத்த வருஷமும் கவலையில்ல சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். மாயவன் எடுத்துக் கொடுத்த பந்து. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் ஓடுவதை நிறுத்தினான். மைதானத்தின் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தான், பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாதவன் பார்ப்பது போல. பிறகு கோட்டோரம் வந்தான்.

"சார், ஒக்காந்துக்கறேன் சார்."

"இன்னும் கொஞ்ச நேரம்தாண்டா."

"தல உள்ள காத்து ஊதற மாதிரி இருக்குது சார்."

எங்களிடம் மாற்று ஆள் ஒருவன் இருந்தான், பொன்னுரங்கம் என்று. அவன் காலணியை மாட்டிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டான். நான் அவனைக் கையமர்த்தினேன். மாயவனிடம் குனிந்து, "இந்த ஆட்டத்த முடிச்சிட்டு வா. நாளைக்கே பத்தியத்த முறிச்சிடறேன். உப்பு, கறி, எல்லாம்" என்றேன்.

அவன் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. திரும்பி ஓடினான். கடைசிவரை ஓடினான் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். இவன் உண்மையாகவே ஓடினான். விசில் ஊதுவதற்குக் கொஞ்சம் முன்பு, பந்து எங்கோ இருக்க, இவன் ஆளில்லாத மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். அங்கேயே விழுந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

கள்ளக்குறிச்சிக்கு டாக்சியில் கொண்டுபோனோம். டாக்டர் அரங்கநாதன் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். பார்த்த உடனே என்னைக் கேட்டார்.

"என்ன சாப்பிடுவான்? வாந்தி பேதி உண்டா? ஏதாவது பத்தியத்தில் இருந்தானா?"

என் பின்னால் பையன்கள் இல்லை. தைலம்மாள் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

"எல்லாரும் சாப்பிடறதுதான் டாக்டர்" என்றேன்.

அவர் தன்னால் ஆனதைச் செய்தார். பொழுது சாய்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பள்ளிப் பதிவில் அவனுக்குப் பதினாலு வயது என்று சொன்னேன். நம்ப மறுத்தார்.

"பத்து வயசுப் பிள்ளை உடம்பு சார் அது. ஒண்ணு சொல்றேன், மற்றப் பையன்களுக்காவது பார்த்துக்கோங்க. இதயமும் சதைதான். பையன் வளர வளரத்தான் அதுவும் வளரும். மூச்சு அங்கேயிருந்துதான் வருது. அந்த வயசில் சில பேர் கொஞ்ச நாள் தடுமாறுவாங்க, அப்புறம் பத்து மடங்கா ஓடுவாங்க. இவனுக்கு அதெல்லாம் தொடங்கவே இல்ல. உடம்பில் உப்பும் சுத்தமா வத்தின மாதிரி இருந்தது. அது மட்டும் உறுதியாத் தெரிஞ்சிருந்தா வேற மாதிரி போயிருப்பேன். நிஜமாவே பத்தியம் எதுவும் இல்லையா?"

இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் இல்லை என்றேன். முதல் தடவை சொன்னதற்கு எனக்குப் பயம் காரணம். இரண்டாவது தடவைக்கு, முதல் தடவை சொல்லிவிட்டதுதான் காரணம்.

இருசம்மாள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தாள். அவளை எதிர்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் மகனிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து, என் காலில் விழுந்து, இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள்.

"நாந்தான் சார் கொன்னுட்டேன். நாந்தான் கொன்னுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"திருவிழாவுக்கு வந்தான் சார். கோழி அடிச்சோம். அவன் வெளிய போயி மூக்கப் பொத்திக்கினு ஒக்காந்திருந்தான். எனக்குப் பொறுக்கல. வேணாம்மா, சார் திட்டும்னான். நாந்தான் கெஞ்சி, ஒரு கிண்ணி கறியும் சோறும் ஊட்டுனேன். ரெண்டு நாளும் ஊட்டுனேன் சார். தின்னுட்டு, அம்மா, இன்னொரு வாய்னு கேட்டான். பத்தியத்த முறிச்சிட்டேனே சார். ரெண்டு வருசம் நீங்க கண்ணுல வச்சிக் காப்பாத்துன புள்ளய ரெண்டு நாள்ல கொன்னுட்டேனே."

அரையிறுதியில் அவன் ஓடிய ஓட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் ஊட்டிய கறிதான் ஓடியது. இரண்டு வருஷத்தில் அவன் வயிற்றுக்குள் போன சாப்பாடு அது ஒன்றுதான்.

நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து அவள் தலையில் கைவைத்தேன். "நடந்தது நடந்துபோச்சும்மா. நீ வேணும்னா செஞ்ச? நான் ஒண்ணும் நெனச்சிக்கல" என்றேன்.

அவளை மன்னித்தேன்.

ஒவ்வொரு வருஷமும் பங்குனிக் கடைசியில் அவள் மலையிலிருந்து இறங்கி வருகிறாள். நான் ஓய்வுபெற்ற பிறகும் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வருகிறாள். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் சாமையோ கடுக்காயோ வைத்துவிட்டுப் போகிறாள். இன்றைக்கும் வந்தாள். கூடவே அவளுடைய மகள் சின்னப்பொண்ணு. மாயவன் இறந்தபோது மூன்று வயதுக் குழந்தை, இப்போது வயதுக்கு வருகிற பருவம். முதுகெலும்பை எண்ணலாம்.

"நல்லா சாப்பிடறதில்லையா?" என்று கேட்டேன்.

"இவளுக்கு ஊட்ட எனக்குக் கை வரமாட்டேங்குது சார். எத குடுத்தா இன்னா ஆவுமோன்னு பயமா இருக்குது. கஞ்சிதான் குடுக்கறேன். கவிச்சி வூட்டுக்குள்ளயே வர்றதில்ல. அந்தக் கோழிக்கறிக்கு அப்புறம் நான் யாருக்கும் ஒண்ணும் ஊட்டுனதில்ல." பிறகு அவளே கேட்டாள், "நீங்க சொல்லுங்க சார். இவளுக்கு இன்னா குடுக்கலாம்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் கொடு, உப்புப் போட்டுக் கொடு, உன் கையில் ஒரு குற்றமும் இல்லை, உன் கைதான் அவனுக்குச் சோறு போட்டது என்று. அதைச் சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"பார்த்துக் குடும்மா" என்றேன்.

அவர்கள் பஸ் ஏறுகிறவரை வாசலில் நின்றேன். அதன்பிறகு உட்கார்ந்து இதை எழுதினேன். மாயவனுக்குக் காமாலை மாசி மாசத்திலேயே தீர்ந்துவிட்டது. பத்தியத்தை நீட்டியவன் நான். அவனைக் கொன்றவன் நான். டாக்டரிடம் இரண்டு தடவை மறைத்தவன் நான். பழியை அவன் தாய் தானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டபோது, சுமை இறங்கியது என்று நிம்மதியாக மூச்சுவிட்டவனும் நான்தான். ஒரு சொல்லும் விடாமல் எழுதிவிட்டேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். இனி எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

இருசம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.